பின்பனியும் தீட்டிய பூக்களும்

அன்புள்ள அக்கா,

நான் பெர்லினில் வசிக்கிறேன். இது எனக்கு இங்கே நான்காவது குளிர்காலம். நவம்பர் இருட்டையும் ஜனவரி உறைபனியையும் எப்படியோ கடந்துவிடுகிறேன். பிப்ரவரி கடைசியில்தான் மனம் விட்டுப்போகிறது. வெண்பனியின் அழகும் போய்விட்டது, வசந்தமும் வரவில்லை. சில வாரங்களாக, வேலை முடிந்து வந்ததும், பழைய ஓவியங்களில் உள்ள தோட்டங்களையும் பூங்கொத்துகளையும் கணினித் திரையில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் மனம் லேசாகிறது. என் கணவரோ, “இல்லாத தோட்டத்தில் போய் ஒளிந்துகொள்கிறாய்” என்கிறார். இது வெறும் தப்பித்தல்தானா?

ஒரு வாசகி, பெர்லின்

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் சொல்லும் அந்த நாட்களுக்கு நம் மொழியில் பின்பனி என்று பெயர். பிரிவைப் பாடும் பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரிய காலமாகத் தொல்காப்பியம் சொல்வதை, உங்கள் கடிதத்தைப் படித்தபின் மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். பெர்லின் பனி வேறு, நம் மாசிப் பனி வேறு. ஆயினும் காத்திருந்து களைத்துப்போகும் காலம் என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, நீங்கள் செய்வதையே செய்த ஒருவர் இருந்தார். மிலான் நகரத்தின் பேராயராக இருந்த கர்தினால் ஃபெடெரிகோ பொரோமியோ, தம் படிப்பையும் பழக்கங்களையும் பற்றி 1628இல் எழுதிய நூலில், குளிர்காலம் பனிக்கட்டியால் எல்லாவற்றையும் இறுக்கிவிடும்போது ஓவியத்தில் தீட்டிய பூக்களைப் பார்த்து மகிழ்ந்ததாகவும், அவற்றின் வாசனையைக்கூட மனத்தில் கற்பித்துக்கொண்டதாகவும் குறிப்பிடுகிறார். அந்த வாசனை உண்மையானதல்ல என்பதையும் அவரே சொல்கிறார். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒளிந்துகொள்பவருக்குத் தாம் விட்டுவந்த இடத்தை மறக்க வேண்டியிருக்கும். பொரோமியோ பனியை மறக்கவில்லை, பூ இல்லை என்பதையும் மறைக்கவில்லை, இரண்டையும் அறிந்தே மகிழ்ந்தார்.

அவருக்காக ஆன்ட்வெர்ப் நகரத்து ஓவியர் யான் புரூகெல் 1606இல் தீட்டிய பூச்சாடி ஓவியம் ஒன்று மிலானின் அம்ப்ரோசியானா ஓவியக்கூடத்தில் இன்றும் இருக்கிறது. செம்புத் தகட்டின் மேல் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பூக்கள் கொண்டது. வசந்தத்தின் ட்யூலிப்பும் கோடையில் பூப்பனவும் ஒரே சாடியில் ஒன்றாக மலர்ந்து நிற்கும் அந்தக் காட்சியை எந்தத் தோட்டத்திலும் ஒரே நாளில் பார்க்க முடியாது. ஏப்ரலில் கர்தினாலுக்கு எழுதிய கடிதத்தில், ஓவியத்தைத் தொடங்கிவிட்டதாகவும், ஆன்ட்வெர்ப்பில் கிடைக்காத சில பூக்களை நேரில் பார்த்துத் தீட்டுவதற்காக பிரஸ்ஸல்ஸுக்குப் போய்வந்ததாகவும் புரூகெல் தெரிவிக்கிறார். ஆகஸ்டில்தான் வேலை முடிகிறது. ஒவ்வொரு பூவும் தன் முறை வந்து மலரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. நீங்கள் திரையில் பார்க்கும் அந்த நிறைவுக்குள் ஒரு மனிதர் மாதக்கணக்காகக் காத்திருந்த காத்திருப்பு இருக்கிறது. பின்பனி நாட்களில் அது நம்மோடு இத்தனை நெருக்கமாகப் பேசுவதற்குக் காரணம் அதுவே என்று நான் நம்புகிறேன். அடுத்த முறை சாடியின் அடிப்பகுதியைப் பாருங்கள்: சில சிப்பிகள், நாணயங்கள், மணிக்கல் பதித்த ஒரு நகை. ஓவியத்தின் மதிப்பைக் குறிக்கவே புரூகெல் அந்த மணிக்கல்லைத் தீட்டினார் என்றும், அந்த மதிப்பையே விலையாகக் கொடுத்ததாகவும் பொரோமியோ எழுதியிருக்கிறார்.

குளிர்காலத்தில் அமர்ந்து விருந்துண்ணப் பாரசீக சாசானிய அரசர்கள் வைத்திருந்த தோட்டக் கம்பளத்தைப் பற்றி பழைய வரலாற்றாசிரியர் அல்-தபரியின் நூலில் படித்திருக்கிறேன். அறுபது முழ நீளம், அறுபது முழ அகலம். பொன்னும் வெள்ளியுமாகப் பூக்கள், மணிக்கற்களாகக் கனிகள். அரபுப் படைகளிடம் அரண்மனை வீழ்ந்தபின் அதை மதீனாவுக்குக் கொண்டுபோய்த் துண்டு துண்டாக வெட்டிப் பங்கிட்டார்கள். அதன் பெருமை எனக்குப் புரிகிறது. ஆனால் என் மனம் போவது செம்புத் தகட்டின் பக்கம்தான்.

உங்கள் ஊரிலேயே பார்க்கக் கூடியதையும் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகத் தீவில் உள்ள பழைய தேசிய ஓவியக்கூடத்தில், ஜெர்மானிய ஓவியர் கார்ல் பிளெஹென் 1832-33இல் தீட்டிய சிறிய ஓவியம் ஒன்று இருக்கிறது. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்ஹெல்முக்காக உங்கள் ஊர் மயில் தீவில் பனையினத்து மரங்களை வளர்க்கக் கட்டிய கண்ணாடிக் கூடத்தின் உட்புறம் அது. மரங்கள் கூரையை முட்ட எழுகின்றன; கண்ணாடி வழியே வரும் ஒளி ஓலைகளில் சிதறித் தரையில் விழுகிறது; கீழே கீழைநாட்டு உடையில் சில பெண்கள் ஓய்ந்திருக்கிறார்கள். மரங்கள் மெய்யானவை, பெண்கள் ஓவியரின் கற்பனை. அந்தக் கூடம் 1880இல் தீயில் அழிந்தது. பிளெஹெனோ மனநோயால் நொறுங்கி, 1840இல், 41 வயதில் இறந்தார். இத்தனை ஒளியைத் தீட்டிய கைக்கு அந்த முடிவு வந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அவரை நினைக்கும்போது உங்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வடக்கு நாடுகளில் பகலொளி குறைவதால் வரும் மனச்சோர்வு மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. ஒளிச் சிகிச்சை உட்பட அதற்கு வழிகள் இருக்கின்றன. தூக்கமோ பசியோ கெட்டிருந்தால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஓவியம் அந்த வேலையைச் செய்யாது.

அதே ஓவியக்கூடத்தில் பிரெஞ்சு ஓவியர் மானே 1879இல் தீட்டிய ‘குளிர்காலத் தோட்டத்தில்’ என்ற ஓவியமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அது ஜெர்மனியின் மெர்கெர்ஸ் சுரங்கத்தில், நிலத்துக்கு அடியில், மறைத்து வைக்கப்பட்டிருந்தது. 1945இல் அமெரிக்கப் படைவீரர்கள் அதைச் சூழ்ந்து நின்று பார்க்கும் நிழற்படம் இருக்கிறது. சுரங்க இருட்டில் அந்தப் பச்சை இலைகள் அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று பலமுறை நினைத்ததுண்டு.

திரையில் மணிக்கணக்காக ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, வரும் ஞாயிறன்று கணவரையும் அழைத்துக்கொண்டு அங்கே போய்வாருங்கள். பிளெஹெனின் ஓவியத்துக்கு முன் கால்மணி நேரமாவது நில்லுங்கள். கூரைக் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் வானத்தை அவர் என்ன நிறத்தில் விட்டிருக்கிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா