ஆழத்திற்கு ஏற்ற இடைவெளி

கேள்வி: எங்கள் ஊருக்கு எதிரே அளவைப் படகு ஒன்று நாள் முழுக்க உழவு ஓட்டுவதுபோல் போய்ப் போய் வருகிறது. கணினி இருந்தும் ஏன் இத்தனை சுற்று?
– வாசகர், நீரோடி

பதில்: ஒலி கடலடியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அளக்கும் கருவி பல்கற்றை சோனார். அது படகின் இருபுறமும் ஒலியை விரித்து அனுப்புகிறது. பதிவாகும் அகலம் ஆழத்தைப் பொறுத்தது. பொதுவாக ஆழத்தின் மூன்று, நான்கு மடங்கு. 20 மீட்டர் ஆழத்தில் 60, 80 மீட்டர்தான். 100 மீட்டர் ஆழத்தில் 300 மீட்டரைத் தாண்டும். ஆகவே கரையோரம் நெருக்கமாகவும் வெளியே அகலமாகவும் ஓட வேண்டும். மென்பொருள் இந்த இடைவெளியைக் கணக்கிட்டு, அளந்த பரப்பை அப்போதே திரையில் நிறமிட்டுக் காட்டுகிறது. விடுபட்ட துண்டு சுக்கான் பிடிப்பவர் கண்ணிலேயே படும். கரைக்குத் திரும்பிய பிறகு தெரிந்தால் மறுபடி டீசல், மறுபடி ஒரு நாள்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். வெப்பமும் உப்பும் மாறினால் வேகமும் மாறும். தேங்காய்ப்பட்டினத்தில் ஆற்றுநீர் கலக்கும் இடத்தில் ஒலிவேகமானியை அடிக்கடி இறக்கியே தீர வேண்டும். இல்லையேல் சமதரையும் ஓரங்களில் வளைந்து தெரியும்.

கடலடிப் பாறைத் திட்டான பார் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். அளவைப் படகுக்காரர்களிடம் சொல்லுங்கள், அவர்களும் கேட்டுத்தான் கோடு போட வேண்டும்.