காணொளியில் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் வரவில்லை: பதில்

வணக்கம். பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்பிக்கும் காணொளிகளைப் பார்க்கும்போது எல்லாம் புரிவதாகவும், வெற்றுத் திரையின் முன் முதல் வரியே வரவில்லை என்றும், அதனால் சி மொழிக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற வேண்டாம். 1991இல் வெளிவந்த பைத்தானும் அதற்கு மூத்த சி மொழியும் நிபந்தனை, மாறி (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்), மடக்கு (ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது), செயற்கூறு (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) என்னும் அதே அடிப்படைகளின் மேல்தான் நிற்கின்றன. உங்கள் தடை மொழியில் இல்லை.

இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் நிரலை எதையும் பார்க்காமல் எழுதுங்கள். 5, 3 என்று கொடுத்தால் பெரும்பாலும் 53 என்றே விடை வரும். ஏனெனில் பைத்தானின் இன்புட் (input) செயற்கூறு, நீங்கள் தட்டுவதை எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாகவே, அதாவது எழுத்துகளின் வரிசையாகவே தருகிறது; அதனால் இரண்டும் கூட்டப்படாமல் ஒட்டிக்கொள்கின்றன. அதை இன்ட் (int) என்னும் செயற்கூறு கொண்டு எண்ணாக மாற்ற வேண்டும் என்று இப்போது நான் சொல்லிவிட்டாலும், திரையில் 53ஐக் கண்டு நீங்களே திருத்தும்போதுதான் அது மனத்தில் நிற்கும்.

பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். பிழையின் வகையும் காரணமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் (பலர் படிக்காமலே மூடிவிடுகிறார்கள்). அடுத்து, 1 முதல் 100 வரையுள்ள ஓர் எண்ணை ஊகிக்கும் விளையாட்டின் படிகளைத் தமிழிலேயே தாளில் எழுதி, பிறகு ஒவ்வொரு படியையும் நிரலாக்குங்கள். சிக்கினால் நிரலையும் பிழைச் செய்தியையும் முழுமையாக இடுங்கள்.