குடல் துடித்த இடம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் மொழிபெயர்ப்பு ஒரு பாடம். ஆங்கிலத்தின் லாங் (long), யேர்ன் (yearn), பைன் (pine) மூன்றுக்கும் அகராதி 'ஏங்கு' என்றே பொருள் தருகிறது. 'பதவி உயர்வுக்கு ஏங்குகிறார்' என்ற வாக்கியத்துக்கு யேர்ன் என்று எழுதினேன். பேராசிரியர் சுழித்துவிட்டார். மூன்றும் ஒன்றில்லையா?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

ஒன்றில்லை. உங்கள் பேராசிரியர் சுழித்தது சரி என்றே நினைக்கிறேன். இலக்கணத்தில் குற்றம் கிடையாது. யேர்னுக்குப் பின் ஃபார் போட்டுப் பெயரையும், டு போட்டு வினையையும் எழுதலாம். ஆனால் பதவி உயர்வு ஆசைக்கு அந்தச் சொல்லின் கனம் தாங்காது. அங்கே வான்ட் போதும். ஆசையைச் சற்றே குறைகூறும் தொனியில் சொல்ல வேண்டுமானால் ஹேங்கர் (hanker) இருக்கிறது.

யேர்னின் பழைய வலுவை அறிய 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தைப் பாருங்கள். இராஜாக்களின் முதல் புத்தகம், மூன்றாம் அதிகாரம். ஒரு பிள்ளைக்கு இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். பிள்ளையை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுக்கச் சொல்கிறான் அரசன் சாலொமோன். பட்டயம், அதாவது வாள், வந்துவிட்டது. பெற்றவளுக்கு அப்போது நேர்வதைச் சொல்லத்தான் யேர்ன் வருகிறது. அந்த வினைக்கு எழுவாய் அவள்கூட இல்லை, அவள் குடல். நம் பழைய தமிழ் விவிலியமும் 'தன் பிள்ளைக்காக அவள் குடல் துடித்ததினால்' என்று அப்படியே சொல்கிறது. பெற்ற வயிறு என்று பேசிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்து அவள் கேட்பதைக் கவனியுங்கள். பிள்ளை எனக்கு வேண்டும் என்று சொல்லவில்லை. அவளுக்கே கொடுத்துவிடும், கொல்ல வேண்டாம் என்கிறாள். விட்டுக்கொடுக்கிறவளின் தவிப்புக்கு வந்த சொல் இது!

ஆதியாகமம் 43ஆம் அதிகாரத்திலும் அப்படித்தான். தம்பி பென்யமீன் எதிரே நிற்கும்போதே யோசேப்புக்கு யேர்ன் நேர்கிறது. தமிழில் 'உள்ளம் தன் தம்பிக்காகப் பொங்கினபடியால்'. அவன் தனியறைக்குள் போய் அழுகிறான். கண்ணெதிரே இருப்பவனுக்காக உருகுவதும் அன்று இந்தச் சொல்லுக்குள் அடங்கியிருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் அந்தப் பொருள் அருகிவிட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

லாங் வேறு. நீளத்தைக் குறிக்கும் சொல்லோடு பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் 'எனக்கு ஏக்கமாக இருக்கிறது' என்கிற நம் வாக்கிய அமைப்பிலேயே அதைச் சொன்னார்கள். விடுதியில் இருக்கும் பெண் தீபாவளி விடுமுறைக்கு நாள் எண்ணுவது லாங்.

பைன், தண்டனையைக் குறிக்கும் லத்தீன் சொல்வழி வந்தது. வலியைச் சொல்லும் பெயினுக்கு உறவு. பைன் மரத்தோடு சம்பந்தமில்லை. இதில் உடம்பு கரைய வேண்டும். தாய் ஊருக்குப் போனபின் சோறு இறங்காமல் கிடக்கும் குழந்தையைப் பார்த்து 'பிள்ளை ஏங்கிப்போய்விட்டது' என்பார்களே, அது.

இனி யேர்ன் எதிர்ப்பட்டால், அது எதை நோக்கிப் போகிறது என்று முதலில் பாருங்கள். ஊரையோ ஓய்வையோ என்றால் ஏங்கு போதும். ஓர் ஆளை நோக்கி என்றால் துடி, உருகு, பொங்கு மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.