முதியவர்கள்மேல் வழக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வட அயர்லாந்தில் 1972இல் ஊர்வலம் போனவர்களைச் சுட்டதாக ஒரு முன்னாள் பிரிட்டிஷ் சிப்பாயின்மேல் நடந்த வழக்கில், 2025 அக்டோபரில் அவரை விடுதலை செய்தார்கள். மேலே இருந்தவர்களை விட்டுவிட்டு, அரை நூற்றாண்டு கழித்து ஒரு கிழவரைக் கூண்டில் ஏற்றுவது மனிதத்தன்மையா? என் தாத்தா, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி 1948இல் பிரிட்டிஷார் மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தில், தோட்டக் காவலராக இருந்தவர். வயது 95. அவரைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது.

ம., கிள்ளான்

அன்புள்ள ம.,

தாத்தாமேல் உள்ள பாசத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதைக் கொண்டுவந்து சட்டத்தின் வாயை அடைக்காதீர்கள். நோய், தள்ளாமை எல்லாம் தண்டனை விதிக்கும்போது நீதிபதி பார்த்துக்கொள்வார். கட்டளையிட்டவன் தப்பிவிடுகிறான் என்ற கோபம் நியாயம்தான். அது இன்னொரு நாளைக்கு.

சென்ற வாரம் கோலாலம்பூரில், பழைய புடு சிறை இருந்த இடத்துப் பேரங்காடிக்கு என் பேத்தி இழுத்துக்கொண்டு போனாள். சிறையின் வாசலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதன்முன் பிள்ளைகள் ஐஸ்கிரீமும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மலாயா கணபதி நினைவுதான். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மார்ச்சில் பிடித்தார்கள். மே 4 அன்று அங்கே தூக்கில் போட்டார்கள். இந்தியாவிலிருந்து எழுந்த எதிர்ப்பை யாரும் காதில் வாங்கவில்லை.

அதற்குச் சில மாதம் முன்பு, 1948 டிசம்பரில், இதே சிலாங்கூரில் பத்தாங் காலி அருகே பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ரப்பர்த் தோட்டத்துச் சீனர்கள் 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்றது அரசாங்கம். 1970இல் அந்தச் சிப்பாய்களில் சிலரே அது பொய் என்று சத்தியம் செய்து சொன்னார்கள். லண்டன் போலீஸ் விசாரணையைத் தொடங்கியது. பிரிட்டனில் ஆட்சி மாறியதும் அதைக் கைவிட்டார்கள். அப்போது அந்தச் சிப்பாய்களுக்கு வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், பொது விசாரணை நடத்த அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

கணபதிக்கு இரண்டு மாதம் போதுமாக இருந்தது. இந்த 24 பேருக்கு 67 ஆண்டும் போதவில்லை. கிழவர்களை ஏன் வதைக்கிறார்கள் என்று கேட்கிறீர்களே, கிழவர்களாகும்வரை விட்டுவைத்தது யார் என்று ஏன் கேட்கவில்லை? நீங்கள் சொன்ன வழக்கு நடந்த பெல்பாஸ்டிலும் இதே கதைதான். சக சிப்பாய்கள் 1972இல் கொடுத்த வாக்குமூலத்தை நம்பி வழக்கு நின்றது. அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. படை ஒழுங்கைத் துறந்து சுட்டார்கள் என்று நீதிபதியே சொன்னார். சான்று போதவில்லை என்று விடுவித்ததும் அவர்தான். வயதானவர்மேல் வழக்கே கூடாது என்று ஒரு விதி வந்துவிட்டால், எந்த அரசாங்கமும் கோப்பைப் பூட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

உங்கள் தாத்தாவை யாரும் எங்கும் இழுத்துக்கொண்டு போகப் போவதில்லை, வீணாகப் பதறாதீர்கள். ஆனால் அவர் எந்தத் தோட்டத்தில் நின்றார், எந்தத் துரையின் கீழ் நின்றார், என்ன பார்த்தார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. 95 வயதுவரை கேட்காமல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். காலையிலேயே கேளுங்கள், மாலையானால் சோர்ந்துவிடுவார். அவர் சொன்னதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.