இயற்கைப் பூங்காவில் தனியாக ஒரு நாள் நடந்து விலங்குகளைப் பார்க்க எப்படித் திட்டமிட வேண்டும்?

துணைக்கு யாரும் இல்லாமல் காலையில் கிளம்பி, பூங்காவுக்குள் நடந்து, விலங்குகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். எவ்வளவு தூரம் வைத்துக்கொள்ளலாம், என்ன எடுத்துப்போக வேண்டும், ஆபத்து எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தூரம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான்: வழக்கமாக ஒரு நாளில் உங்களால் நடக்க முடிந்த தூரத்தில் பாதிக்கு மேல் போகாதீர்கள். நடந்துகொண்டே இருப்பவர் கண்ணில் படுவது பெரும்பாலும் ஓடிப்போகிற விலங்கின் முதுகுதான். அது மேய்வதையும் குட்டிக்குப் பால் கொடுப்பதையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதையும் பார்க்கக் கிடைப்பது உட்கார்ந்திருப்பவருக்கு. தூரம் குறைந்தால் களைப்பும் குறையும். கால் பிசகுவது, வழி தவறுவது இரண்டுமே களைத்த பிறகுதான் எளிதில் நடக்கின்றன; தனியாக இருக்கும்போது இரண்டுக்குமே உதவிக்கு ஆள் கிடையாது.

அதற்கும் முன்னால், அந்தப் பூங்காவில் தனியாக நடக்க அனுமதி உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். யானை, சிங்கம், புலி உலவும் பல பூங்காக்களில் வாகனத்தை விட்டு இறங்கவே கூடாது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் காட்டுக்குள் நடை என்றால் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகளோடுதான். அப்படிப்பட்ட இடங்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. நடக்க அனுமதி உள்ள பூங்கா என்றால், நுழைவாயில் அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பாதைகள் இப்போது மூடியிருக்கின்றன, எந்தப் பக்கம் விலங்குகள் குட்டிகளோடு திரிகின்றன, வழியில் தண்ணீர் எங்கே கிடைக்கும். வனக்காவலர்கள் அன்றாடம் அந்தப் பாதைகளில் போய்வருகிறவர்கள். அச்சடித்த வரைபடத்தில் இல்லாத பதில் அவர்களிடம் இருக்கும்.

நேரக் கணக்குக்கு, வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: சமதளத்தில் 5 கி.மீ.க்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 மணி நேரம் கூடுதல். போக வர 10 கி.மீ., ஏற்றம் 600 மீட்டர் என்றால் 3 மணி நேரம். இது நல்ல உடல்நிலையில், நிற்காமல் நடப்பவருக்கு. விலங்கு பார்க்கப் போகிறவர் அதை இரண்டால் பெருக்கி, மேலும் 1 மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆக 7 மணி நேரம். காலை 6 மணிக்குத் தொடங்கினால் மதியம் 1 மணிக்கு முடியும். ஏதாவது பிசகினாலும் கையில் பல மணி நேரம் வெளிச்சம் மிச்சமிருக்கும்.

கிளம்பும் முன்பே திரும்பும் நேரம் ஒன்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நடைக்கு 10 மணி என்று வைக்கலாம். அந்த நேரம் வந்துவிட்டால், உச்சிக்கு இன்னும் 300 மீட்டர்தான் என்றாலும், புதரில் ஏதோ அசைகிறது என்றாலும், திரும்பிவிட வேண்டும். கூட ஒருவர் இருந்தால் ‘போதும், வா’ என்று கூப்பிடுவார். தனி நடையில் அந்த வேலையைக் கடிகாரம்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் ஒருவரிடம் விவரம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும். எந்த வாயில் வழியாக நுழைகிறீர்கள், எந்தப் பாதை, வாகனம் எங்கே நிற்கும், உடையும் பையும் என்ன நிறம், எத்தனை மணிக்கு வருவீர்கள், எத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் பூங்கா அலுவலகத்தை அழைக்க வேண்டும், அந்த எண் என்ன. கடைசி இரண்டும் இல்லாத குறிப்பால் பயனில்லை. வரும் நேரத்துக்கும் அழைக்கும் நேரத்துக்கும் நடுவே 2 அல்லது 3 மணி நேரம் விடுங்கள். வழியில் மனம் மாறி வேறு பாதையில் போனால் அந்தக் குறிப்பு தேடுபவர்களைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே எழுதிய பாதையிலேயே இருங்கள்.

பையில் என்ன என்பதற்கு வருகிறேன். மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர். கடும் வெயிலிலும் ஏற்றத்திலும் அது இரு மடங்காகும். 7 மணி நேரத்துக்கு 3.5 லிட்டர் என்றால் 3.5 கிலோ எடை, அதைச் சுமந்தே ஆக வேண்டும். பாதித் தண்ணீர் தீர்ந்துவிட்டால், திரும்பும் நேரம் ஆகாவிட்டாலும் திரும்புங்கள். உப்புள்ள தின்பண்டம் கொஞ்சம் வேண்டும். வியர்வையில் போகும் உப்பை வெறும் தண்ணீர் ஈடுசெய்யாது. பகல் நடைதானே என்று டார்ச்சை விட்டுவிடாதீர்கள்: தலையில் மாட்டும் விளக்கு, நிரம்பிய பேட்டரியோடு. விசில், முதலுதவிக் கட்டு, காலைச் சுற்ற எலாஸ்டிக் பேண்டேஜ், மெல்லிய மழைச்சட்டை, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் துணி ஒன்று.

விலங்கு பார்க்கிறவர்கள் குளிரைச் சரியாகக் கணிப்பதில்லை. ஏறும்போது வியர்க்கும், 40 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் அதே வியர்வை உடலைச் சில்லிட வைக்கும். ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பருத்தி நனைந்தால் சீக்கிரம் உலராது. உடம்பை ஒட்டி பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி, உட்காரும்போது மேலே போட ஒரு ஸ்வெட்டர், தரையில் போட ஒரு சிறு ஃபோம் துண்டு. அந்த ஃபோம் துண்டு இல்லாதவர் பத்தே நிமிடத்தில் நெளிய ஆரம்பித்துவிடுவார். நெளிந்தால் விலங்கு பார்த்துவிடும்.

போனை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். சிக்னல் தேடித் தேடித்தான் பேட்டரி தீர்கிறது. ஜிபிஎஸ் அந்த மோடிலும் வேலை செய்யும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு, ஏரோப்ளேன் மோடில் ஒருமுறை திறந்து சோதியுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், உட்பையில் உடம்போடு வையுங்கள். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும். காகித வரைபடமும் திசைகாட்டியும் கூடவே இருக்கட்டும்.

பைனாகுலரில் 8×42 வாங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்லென்சின் விட்டம் மி.மீ.யில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ.; கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. சிறிய 8×25-இல் அது 3.1 மி.மீ. மட்டுமே, விலங்குகள் நடமாடும் விடியற்காலை அரையிருட்டில் காட்சி மங்கிவிடும். 10 மடங்கு பெருக்கினால் கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். வாங்கியதும் சரிசெய்ய வேண்டியது: வலது பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, பெரும்பாலும் வலது கண்குழலில் இருக்கும் வளையத்தைத் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அரை மணி நேரத்தில் தலைவலி என்பார்கள். விலங்கைக் கண்டதும் தலையைக் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள்; பார்வையை அங்கேயே நிறுத்தி, கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

எங்கே உட்காருவது? காடும் புல்வெளியும் சேரும் ஓரம், ஓடை வளைவு, விலங்குத் தடங்கள் குறுக்கிடும் இடம். தண்ணீருக்கு மிக அருகில் உட்கார்ந்தால் தாகத்தோடு வரும் விலங்கைத் தடுத்துவிடுவீர்கள், ஆகவே எட்டவே இருங்கள். மரத்தையோ பாறையையோ முதுகுக்குக் கொடுத்தால் உங்கள் உருவரை மறையும். மேட்டின் விளிம்பில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்பதுதான் மிக மோசம். மான் வகைகளுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பழுப்பு, பச்சையிலிருந்து பிரித்துத் தெரிவதில்லை. நீலம் நன்றாகத் தெரியும். ஆகவே நீல ஜீன்ஸ் வேண்டாம். ஆனால் பறவைகளுக்கு எல்லா நிறமும் தெரியும், எதற்கும் அசைவு தெரியும்.

காற்றுதான் பலர் கவனிக்காத விஷயம். உலர்ந்த புல்லைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். காற்று உங்கள் முகத்தில் பட வேண்டும். முதுகில் பட்டால் உங்கள் வாசனை உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். மலைப்பாங்கான இடத்தில், வானம் தெளிவாக இருக்கும் நாளில், இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் சூடான காற்று மேலே எழும்பும், மாலையில் மறுபடி இறங்கும். அதனால் விடியலில் விலங்குகளுக்குக் கீழேயும், வெயில் வந்தபின் மேலேயும் இருப்பது நல்லது. காலைக்கும் பகலுக்கும் ஒரே இடம் சரிப்படாமல் போவது இதனால்தான்.

உட்கார்ந்த முதல் 15 நிமிடம் ஒன்றும் நடக்காது. நீங்கள் வந்த அரவத்தில் அடங்கிய பறவைகள் மறுபடி இயல்பாகக் குரல் கொடுக்க அவ்வளவு நேரம் ஆகும். அங்கிருந்துதான் உங்கள் நேரம் தொடங்குகிறது, குறைந்தது 40 நிமிடம் இருங்கள். பார்வையை வலமிருந்து இடமாக நகர்த்துங்கள். வாசிக்கும் பழக்கத்துக்கு எதிர்த்திசை என்பதால் கண் தாவாமல் மெதுவாகப் போகும். முழு மானைத் தேடாதீர்கள். செங்குத்தான மரங்களுக்கு நடுவே ஒரு படுக்கைக்கோடு, அதாவது முதுகு. அசையும் ஒரு காது. மூக்கின் ஈரப் பளபளப்பு. குரங்கு, அணில், சிறு பறவைகள் திடீரென்று ஒரே குரலை விடாமல் எழுப்பினால் அவை பார்க்கும் திசையைப் பாருங்கள், கீழேயோ மேலேயோ வேட்டை விலங்கு இருக்கலாம்.

இங்கே ஒரு முரண் உண்டு. பார்ப்பதற்கு அமைதி வேண்டும். ஆனால் அமைதியாக நடந்து ஒரு தாய் விலங்கின் முன்னால் திடுமெனப் போய் நிற்பதுதான் தனி நடையின் பெரிய ஆபத்து. இதற்கு வழி: உட்காரும் இடத்தில் சத்தமே கூடாது. நடக்கும்போது, அடர்ந்த புதர், திருப்பம், இரையும் ஓடை வந்தால் இயல்பான குரலில் பேசிக்கொண்டோ கைதட்டிக்கொண்டோ போங்கள். எதிரில் 50 மீட்டர் தெரியாத இடமெல்லாம் சத்தமிட வேண்டிய இடம் என்று வைத்துக்கொள்ளலாம். காதில் இயர்போன் எந்த இடத்திலும் வேண்டாம்.

எவ்வளவு அருகில் போகலாம் என்பதற்கு ஒவ்வொரு பூங்காவும் ஒரு விதி வைத்திருக்கும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் கரடி, ஓநாய் என்றால் 91 மீட்டர், காட்டெருமை, எல்க் மான் என்றால் 23 மீட்டர் விலகியிருக்க வேண்டும். பெரிய விலங்குக்கு அளவுகோல் இல்லாத இடத்தில், கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். விரலுக்குப் பின்னால் விலங்கு முழுதாக மறையவில்லை என்றால் பின்வாங்குங்கள். எண்ணைவிட விலங்கின் நடத்தை துல்லியமானது: மேய்ச்சலை நிறுத்தித் தலையை உயர்த்தி இரு காதுகளையும் உங்கள் பக்கம் திருப்பினாலே நீங்கள் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள். தரையைக் காலால் உதைத்தால், செருமினால் எச்சரிக்கை முற்றிவிட்டது. முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில், மெதுவாக விலகுங்கள். கரடியையும் பெரும்பூனையையும் பார்த்து ஓடக் கூடாது. ஓடினால் துரத்தத் தோன்றும். பெரும்பூனை என்றால் குனியாதீர்கள், கைகளை விரித்து உருவத்தைப் பெரிதாக்கிக் குரலை உயர்த்துங்கள். கரடி விரட்டும் ஸ்ப்ரே அனுமதிக்கப்பட்ட இடமென்றால் அது இடுப்பில் இருக்க வேண்டும். பைக்குள் இருப்பது கையில் வந்து சேர நேரம் இருக்காது.

விலங்கே தெரியாத நாளிலும் தடங்கள் இருக்கும். காலையின் சாய்ந்த வெளிச்சத்தில்தான் அவை எடுப்பாகத் தெரியும். நாய் இனத்தின் தடத்தில் நக முனைகள் பதியும். பூனை இனம் பெரும்பாலும் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் பதியாது, தடமும் வட்டமாக இருக்கும். விளிம்பு கூர்மையாக, உள்ளே பனித்துளியோ சருகோ விழாமல் இருந்தால் புதிது. படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனாவை வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள்.

வழி தவறியதாகத் தோன்றினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள். சரியாகத் தெரிந்த கடைசி இடத்துக்கு வந்த வழியே திரும்ப முடிந்தால் திரும்பலாம். முடியாதென்றால் அங்கேயே இருங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்று நினைத்து இறங்குகிறவர்கள் அருவி விளிம்பில் மாட்டிக்கொள்வார்கள். ஆல்ப்ஸ் மலைகளில் வழங்கும் அபாயக்குறி இது: ஒரு நிமிடத்தில் 6 முறை விசில், ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி 6. இரவில் அதையே விளக்கால் செய்யலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவு என்றால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, மேட்டையும் தனி மரத்தையும் விட்டு உடனே இறங்குங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை திறந்தவெளிக்கு வராதீர்கள். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட பகுதியை அசைக்காமல் வைத்து உதவிக்கு அழையுங்கள்.

திரும்பியதும் முதலில் குறிப்பு கொடுத்தவருக்குத் தகவல் சொல்லுங்கள். மறந்தால் ஒரு தேடுதல் குழு வீணாகக் கிளம்பும். பிறகு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின் என்று உண்ணி பாருங்கள். இருந்தால், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக மெதுவாக இழுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். படங்களைப் பகிர்வதாக இருந்தால் அவற்றில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். கூடு, குகை, குட்டிகள் இருக்கும் இடம் வேட்டைக்காரருக்கும் கூட்டத்துக்கும் தெரிய வேண்டியதில்லை. அதை வனக்காவலரிடம் மட்டும் சொல்லுங்கள்.