ரீஸ்லிங் தித்திப்பா, புளிப்பா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஜெர்மனியின் மோசல் பகுதியில், ரீஸ்லிங் திராட்சையில் செய்த வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் வாங்கினேன். ஒரே தித்திப்பு. அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது?

லேபிளில் 'ட்ரோக்கன்', அதாவது தித்திப்பில்லாதது என்று இருக்கிறதா பாருங்கள். லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரைதான் அதில் இருக்கலாம். 'ஹால்ப்ட்ரோக்கன்', அதாவது பாதி ட்ரோக்கன் என்றால் 18 கிராம் வரை போகும். இரண்டும் இல்லையா? ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8 சதவீதம் என்றால் சர்க்கரை முழுவதும் நொதிக்கவில்லை, தித்திக்கும். 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் தித்திக்காது.

'காபினெட்', 'ஷ்பேட்லேசெ' என்ற சொற்களைப் பார்த்துத்தான் பலரும் குழம்புகிறார்கள். பறிக்கும்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதைத்தான் அவை சொல்கின்றன. ஷ்பேட்லேசெயிலேயே ட்ரோக்கன் உண்டு.

ஆனாலும் அந்தத் தித்திப்பு பாட்டிலை ஒதுக்கிவிடாதீர்கள். மோசல் ஏறக்குறைய 50 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அந்தக் குளிரில் திராட்சை நிதானமாகப் பழுப்பதால் புளிப்பு குறையாமல் நிற்கும். நன்றாகக் குளிரவைத்து, இன்னொரு வாய் குடித்துப் பாருங்கள். முதலில் தித்திப்பு, அடுத்த நொடியே எலுமிச்சை கடித்தது போல நாக்கில் நீர் ஊறும். அந்தப் புளிப்புதான் ரீஸ்லிங்கின் உயிர். சிலேட்டுப் பாறைச் சரிவில் விளைந்ததாக இருந்தால், ஈரத்துணியால் துடைத்த பள்ளிக்கூடச் சிலேட்டின் மணம்கூட எனக்கு வரும்.

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். வீட்டில் காரமான சமையல்தான். ரீஸ்லிங் சேருமா?

காரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் எனக்குத் தெரியாது. ஆனால் ட்ரோக்கன் வேண்டாம், தித்திப்பு காபினெட் வாங்குங்கள். ஆல்கஹால் கூடினால் மிளகாய் எரிச்சலும் கூடும். காபினெட்டில் ஆல்கஹால் குறைவு, மிச்சமிருக்கும் சர்க்கரை எரிச்சலைத் தணிக்கும். மிளகாய்த்தூள் தடவிப் பொரித்த மீன், தேங்காய்ப்பால் சேர்த்த இறால், மிளகு போட்ட கோழி எல்லாவற்றுக்கும் சேரும்.

புளிக்குழம்புக்கு மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

கேள்வி: பழைய ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. வெயில் நன்றாகப் பட்ட திராட்சையிலிருந்து செய்த ரீஸ்லிங் பாட்டிலுக்குள் முதிரும்போது, டிடிஎன் என்ற சேர்மம் உருவாகிறது. அந்த வாடை அதனுடையது. தேன், உலர்ந்த பாதாமி மணத்தோடு லேசாகக் கலந்து வந்தால் எனக்கு மிகவும் பிடிக்கும். வேறெதுவும் தெரியாமல் அது மட்டுமே தூக்கலாக அடித்தால் பிடிக்காது.

கேள்வி: பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ கிடக்கிறது. குடிக்கலாமா?

தாராளமாக. புளியின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலம்தான் திராட்சையிலும் இருக்கிறது. குளிரில் அதன் உப்பு படிகமாகிக் கீழே தங்கும். ஜெர்மனியில் அதை 'வைன்ஷ்டைன்', அதாவது ஒயின் கல் என்பார்கள். அசைக்காமல் ஊற்றினால் போதும்.

கேள்வி: ஜெர்மானியர்கள் இதோடு என்ன சாப்பிடுகிறார்கள்?

ஊருக்கு ஊர் மாறும். மோசல் பக்கம் வெண்ணெயில் வறுத்த டிரவுட் மீன். ஃபால்ட்ஸ் பகுதியில் பன்றி இரைப்பைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்து வேகவைக்கும் 'சாவ்மாகன்'. கூடவே புளிக்கவைத்த முட்டைக்கோஸ். அந்தக் கொழுப்பை அறுக்க ட்ரோக்கன் ரீஸ்லிங்கின் புளிப்பு வேண்டும்.

அப்புறம் வசந்தத்தில் வெள்ளை ஆஸ்பராகஸ் வரும். நம் தண்ணீர்விட்டான் கிழங்குச் செடிக்கு உறவுதான். ஜூன் 24ஆம் தேதியோடு அறுவடையை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். அதற்கு ரீஸ்லிங்கை விட ஃபிராங்கன் பகுதியின் சில்வானர் என்ற வெள்ளை ஒயின்தான் என் தேர்வு. புளிப்பு குறைவு என்பதால், ஆஸ்பராகஸின் மெல்லிய கசப்போடு அது மோதாது.

கேள்வி: விருந்தின் கடைசியில் ஆப்பிள் கேக். கையில் இருப்பது 'அவுஸ்லேசெ'. சரியாக வருமா?

வரும். அவுஸ்லேசெ என்றால் ஷ்பேட்லேசெயை விட நன்றாகப் பழுத்த திராட்சையில் செய்தது, பெரும்பாலும் தித்திக்கும். இனிப்புப் பண்டத்தை விட ஒயின் தித்திப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். புளிப்பான ஆப்பிளாக எடுத்து, சர்க்கரையைக் குறைத்துச் செய்யுங்கள். மேலே ஐஸ்கிரீம் வைக்காதீர்கள். நாக்கு மரத்துப்போனால் ஒயினின் மணமும் சுவையும் தெரியாது. ஒரு துண்டு நீலப் பாலாடைக்கட்டி கிடைத்தால் கேக்குக்கு முன்பு அதோடு ஒரு வாய் குடியுங்கள். உப்பும் தித்திப்பும் சேர்ந்து வரும் அந்தச் சுவைக்காகவே நான் அவுஸ்லேசெ வாங்குவதுண்டு.