ஏர் சஸ்பென்ஷனுக்கு 10,000 வெள்ளி கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46, குடும்பத்தோடு சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறேன். என் ஐரோப்பிய எஸ்யூவிக்கு 8 வயது 4 மாதம். இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்று தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டி. கடன் முடிந்துவிட்டது. இரண்டு வாரமாகக் காலையில் போய்ப் பார்த்தால் முன்பக்க இடது மூலை மட்டும் கீழே இறங்கியிருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் சற்று நேரத்தில் எழுந்துவிடுகிறது. ஒரு பட்டறையில் நான்கு ஏர் ஸ்ட்ரட்டும் (ஒவ்வொரு சக்கரத்திலும் வண்டியைத் தாங்கும் காற்றுத் தூண்) கம்ப்ரஸரும் (காற்றடைக்கும் இயந்திரம்) மாற்ற வேண்டும் என்று 10,000 வெள்ளி சொல்கிறார்கள்: ஸ்ட்ரட் ஒன்றுக்கு 1,900, கம்ப்ரஸர் 1,800, கூலி 600. அவசரத்துக்கென்று 18,000 வெள்ளி வைத்திருக்கிறேன். அதிலிருந்து எடுப்பதா, கிரெடிட் கார்டில் தவணையாகப் போடுவதா? மனைவி வண்டியையே விற்றுவிடலாம் என்கிறார். வண்டியின் ஏஆர்எஃப் (கூடுதல் பதிவுக் கட்டணம்) 60,000, சிஓஇ (பத்து ஆண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழ்) 50,000.

பதில்: பணத்தை எதிலிருந்து எடுப்பது என்பதற்கு அப்புறம் வருகிறேன். அந்த 10,000 என்ற தொகையை முதலில் கேள்வி கேட்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியை வைத்துப் பார்த்தால் நான்கையும் மாற்றக் காரணமே தெரியவில்லை.

ஒரே ஒரு மூலை இரவில் இறங்கினால் அந்த மூலையில் காற்று கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் ஸ்ட்ரட்டில் இருக்கும் ஏர் ஸ்பிரிங்கின் (காற்றுப் பையின்) ரப்பர் மடிந்து விரியும் இடத்தில் வெடிப்பு விட்டிருக்கும். சில வண்டிகளில் மேலே குழாய் சேரும் இணைப்பில் கசியும். சிலவற்றில் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கில். கம்ப்ரஸர் செத்திருந்தால் வண்டி எழுந்திருக்கவே முடியாமல் தரையோடு கிடக்கும். உங்கள் வண்டி எழுகிறது. ஆனாலும் காற்றுக் கலன் இருக்கும் வண்டிகளில் முதல் எழுச்சி அந்தக் கலனில் இருக்கும் காற்றிலிருந்தே வரலாம். அதனால் கம்ப்ரஸரையும் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பழுது என்று காட்டினால் மட்டும் மாற்றலாம்.

பட்டறைக்குப் போவதற்கு முன் நீங்களே ஒன்று செய்யலாம். பல மாடி கார் நிறுத்துமிடத்தில் சமதளமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலே இருக்கும் வளைவின் விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து, நான்கு எண்களையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யாமல், முடிந்தால் கதவைக்கூடத் திறக்காமல், மறுபடி அளந்து பாருங்கள். சில வண்டிகள் கதவு திறந்ததுமே உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும். இடது முன்பக்கம் மட்டும் இறங்கி மற்ற மூன்றும் அசையாமல் இருந்தால், அந்தக் குறிப்பே பட்டறையில் உங்கள் வாதம்.

அப்புறம் வேறொரு பட்டறைக்குப் போங்கள். சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் ஐரோப்பிய வண்டிகளை மட்டுமே பார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. சோதனைக்கு மட்டும் காசு கொடுக்கிறேன், பழுது பார்ப்பதைப் பிறகு முடிவு செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணினியைச் செருகிப் பிழைக் குறியீட்டைப் படிப்பதோடு நின்றுவிடக் கூடாது. சென்சார் காட்டும் உயரமும் டேப்பில் அளந்த உயரமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்; பிசகியது சென்சார் மட்டும் என்றால் செலவு மிகக் குறைவு. பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பார்கள். ரப்பர் மடிப்பில் சின்னச் சின்னக் குமிழிகள் விடாமல் கிளம்புவதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். குமிழி எங்கே வருகிறதோ, காசு அங்கே போக வேண்டும்.

தயவுசெய்து நீங்களாக வண்டிக்கு அடியில் மட்டும் போகாதீர்கள். காற்று இறங்கினால் வண்டி எச்சரிக்கை இல்லாமல் கீழே வந்துவிடும். மாதக்கணக்கில் தள்ளியும் போடாதீர்கள். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துவிட்டால், இல்லாத 1,800 வெள்ளிச் செலவு உண்மையாகவே வந்து சேரும்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். ரிப்பேருக்குப் போடும் பணம் உங்கள் வண்டியின் பார்ஃப் தொகையை, அதாவது பதிவை ரத்து செய்யும்போது ஏஆர்எஃப்பில் திரும்பக் கிடைக்கும் பங்கை, ஒரு காசுகூட உயர்த்தாது. ஏஆர்எஃப் எவ்வளவு, வண்டிக்கு வயது எவ்வளவு என்பதை வைத்து மட்டுமே அது கணக்கிடப்படுகிறது. மூலை சாய்ந்து நின்றாலும் நிமிர்ந்து நின்றாலும் பதிவை ரத்து செய்யும்போது கிடைப்பது அதே தொகைதான். எனவே ரிப்பேர் என்பது முதலீடு அல்ல. இனி ஓட்டப்போகும் மாதங்களுக்கு நீங்கள் கொடுக்கும் வாடகை.

இன்று பதிவை ரத்து செய்தால், 8 வயதைத் தாண்டி 9 வரையிலான வண்டிக்கு ஏஆர்எஃப்பில் 55 விழுக்காடு, அதாவது 33,000. சிஓஇயில் மீதி 20 மாதம், அதற்கு 8,333. மொத்தம் 41,333 வெள்ளி. 9 வயது முடிவதற்கு முன் ரத்து செய்தால் பார்ஃப் அதே 33,000, சிஓஇ மீதி சுமார் 5,000, ஆக 38,000. 9 வயது தாண்டியதும் பார்ஃப் 50 விழுக்காட்டுக்கு, அதாவது 30,000க்கு இறங்கிவிடும். 10 வயதில் சிஓஇயும் தீர்ந்து அந்த 30,000 மட்டும் நிற்கும். இனிவரும் 8 மாதத்தில் மதிப்பு மாதம் சுமார் 417 வெள்ளி குறைகிறது. கடைசி 12 மாதத்தில் மாதம் 667. உங்கள் வண்டிக்கான சரியான தொகையை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் இணையத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ரிப்பேரைச் சேர்ப்போம். ஒரு ஸ்ட்ரட், கூலி, சோதனை, உயரத்தைத் திரும்ப அளவுபடுத்துவது எல்லாம் சேர்த்து 2,500 என்று வைத்துக்கொண்டால், 8 மாதம் ஓட்ட மாதம் சுமார் 729 வெள்ளி. 10,000 கொடுத்தால் அதே 8 மாதத்துக்கு மாதம் 1,667. முழு 20 மாதம் ஓட்டினாலும் 1,067. சாலை வரி, காப்புறுதி, பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் இதற்கு மேல். உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பது இப்போது தெரியும்.

என் கருத்து இதுதான். சோதனையில் ஒரு மூலை மட்டும் என்று வந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். சோடியாக மாற்றினால் நல்லது என்று பட்டறையில் சொல்வார்கள். நீண்ட நாள் வைத்திருக்கப்போகும் வண்டி என்றால் நானும் ஒப்புக்கொள்வேன், உங்களுக்குத் தேவையில்லை. புதுப்பித்த ஸ்ட்ரட்டோ வேறு தயாரிப்பாளரின் ஸ்ட்ரட்டோ விலை குறைவாகக் கிடைத்தால் வாங்கலாம், உத்தரவாதத்தை மட்டும் எழுத்தில் கேளுங்கள். ஏர் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுச் சாதாரண காயில் ஸ்பிரிங் போடுவதற்கு நான் ஆதரவில்லை. அப்படிச் செய்வதானால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். மொத்தம் 5,000ஐத் தாண்டுகிறது என்றால் ரிப்பேர் செய்யாமல் இப்போதே விற்றுவிடுங்கள். பழுதை மறைக்காமல் சொல்லி நான்கைந்து டீலர்களிடம் விலை கேளுங்கள். 41,333க்குக் கீழே கேட்பவரிடம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அது நீங்கள் பதிவை ரத்து செய்தாலே கிடைக்கும் பணம்.

2,500 வெள்ளியை அவசர நிதியிலிருந்து எடுங்கள், ஆறேழு மாதத்தில் திருப்பி வைத்துவிடலாம். கார்டில் தவணை உண்மையிலேயே வட்டியும் கட்டணமும் இல்லாதது என்றால் சரி. ஆனால் ஒரு மாதம் தவறினால் ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி ஓடத் தொடங்கும். தனிநபர் கடன் என்று யாராவது குறைந்த விழுக்காட்டைக் காட்டினால், நடைமுறை வட்டி (நீங்கள் உண்மையில் கட்டும் ஆண்டு வட்டி) எவ்வளவு என்று கேளுங்கள். விளம்பரத்தில் போடும் எண்ணைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும்.

10 வயதில் சிஓஇயைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். புதுப்பித்தால் 30,000 வெள்ளி பார்ஃப் போய்விடும், மற்ற மூன்று ஸ்ட்ரட்டும் இதே வயதில்தான் இருக்கின்றன.

வண்டிக்கு 9 வயதாகும்போது கட்டாயச் சோதனையும் வருகிறது, பார்ஃப்பும் 3,000 வெள்ளி இறங்குகிறது. அதற்கு ஆறு வாரம் முன்பாக டீலர்களிடம் விலை கேட்கத் தொடங்குங்கள். ஸ்ட்ரட் மாற்றிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், அவர்கள் கேட்பார்கள்.